மறுக்கவும் கற்றுத்தருகிறோம்

குழந்தையை முதல் முறையாக எங்கள் மையத்துக்கு அழைத்து வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரியான கோரிக்கைகளோடுதான் வருகிறார்கள். “ஒரு இடத்துல உட்கார வைங்க மிஸ்” என்பார்கள். “கத்துறத மட்டும் நிறுத்திக் கொடுங்க” என்பார்கள். “சொன்ன பேச்சு கேட்டாப் போதும்” என்பார்கள். பேருந்தில் அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்ப்பதையும், உறவினர் வீட்டுத் திருமணத்தில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வெளியேறுவதையும் ஆண்டுக்கணக்கில் தாங்கியவர்கள் அப்படிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு நடத்தைப் பயிற்சியாளராகச் சேலத்தில் வேலை செய்துவரும் எனக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. பேச்சு இன்னும் வராத, அல்லது வந்த பேச்சைத் தன் தேவைக்குப் பயன்படுத்தத் தெரியாத குழந்தைக்குத் தொடக்கத்திலேயே கற்றுத்தர வேண்டிய திறன்களில் ஒன்று, தனக்குப் பிடிக்காததைப் பிறருக்குப் புரியும்படி மறுப்பது. சொன்ன பேச்சைக் கேட்பது அதற்குப் பிறகு வரலாம்.

என் வேலை எதுவரை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். குழந்தையை மதிப்பிட்டுத் திட்டம் எழுதுபவர் எனக்கு மேலே உள்ள நடத்தைப் பகுப்பாய்வாளர் அல்லது உளவியலாளர். அந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு, தரையில் விரித்த பாயில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு முயற்சியையும் தாளில் குறித்து, குறித்ததைத் திட்டம் எழுதியவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என் பொறுப்பு. அமெரிக்காவில் இதற்கென 2014-இல் ஒரு தனிச் சான்றிதழ் தொடங்கப்பட்டது. நாற்பது மணி நேரப் பயிற்சி, செய்துகாட்டும் தேர்வு, எழுத்துத் தேர்வு, பிறகு தொடர்ந்த மேற்பார்வை என்பது அதன் ஒழுங்கு. இங்கே உளவியல் பட்டம் பெற்று வருபவர்களும், சிறப்புக் கல்வியில் பட்டயம் முடித்து இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவர்களும், மையத்திலேயே வேலை பழகிக்கொண்டவர்களும் ஒன்றாக இருக்கிறோம். எங்களில் யார் எந்தப் படிப்பை முடித்தவர் என்று பெற்றோர் கேட்பதே இல்லை. அவர்கள் தயங்காமல் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒரு வீட்டுக்கு மாலை நேரங்களில் நான் போய்வந்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பையனுக்கு ஐந்து வயது ஆகவில்லை. தொலைக்காட்சி விளம்பர வசனங்களை ஏற்ற இறக்கம் பிசகாமல் திருப்பிச் சொல்லும் அவனுக்கு, தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. நாளில் சில முறை, யாருக்கும் காரணம் புரியாமல், தன் கையைக் கடித்துக்கொண்டு சுவரில் தலையை மோதுவான். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். தறிச் சத்தம் தாங்காமல்தான் அப்படிச் செய்கிறான் என்று உறவினர் எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். தறியை விற்றுவிடலாமா என்றுகூட அவன் அப்பா யோசித்துக்கொண்டிருந்தார்.

இத்தகைய இடத்தில் நாங்கள் முதலில் செய்வது குறிப்பெடுப்பது. ஒரு நடத்தைக்குச் சற்று முன்பு என்ன நடந்தது, நடத்தை எப்படி இருந்தது, அதன் பின் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று மூன்று கட்டங்கள் போட்ட தாளில் எழுதிக்கொண்டே வருவோம். நான் இல்லாத நேரத்துக்கு அவன் அம்மா எழுதினார். எழுதப் படிக்கத் தெரியாத அவன் அம்மாயி (அம்மாவின் அம்மா), தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே பார்த்ததை எல்லாம் மனத்தில் வைத்திருந்து எனக்குச் சொல்வார். தாள்கள் சேர்ந்தபோது தெரிந்தது, வீட்டில் எல்லாரும் நம்பியதற்கு நேர்மாறானது. தறி ஓடும்போது அவன் அமைதியாக இருந்தான். தறி நிற்கும்போதுதான் தலையை மோதினான். மின்சாரம் போய் எல்லாத் தறிகளும் ஒரே நொடியில் ஓய்ந்த நேரங்களே தாளில் திரும்பத் திரும்ப வந்தன. அம்மாயி இதை எங்களுக்கு முன்பே கண்டிருந்தார். “தறி நின்னுதுன்னா அவனுக்கு உசுரே நின்ன மாதிரி இருக்கும்போல, மிஸ்” என்று சொல்லியிருந்தார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு குழந்தை தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் பிறரை அடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் நான்கு வகைகளுக்குள் அடங்கும் என்று எங்கள் துறை சொல்கிறது: பிறர் கவனத்தைப் பெற, பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப, விரும்பும் பொருளை அடைய, அல்லது உடலின் புலனுணர்வுத் தேவைக்காக. பிரையன் இவாட்டாவும் அவருடைய சகாக்களும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையின் காரணத்தைச் சோதித்துக் கண்டறியும் முறையை நிலைநாட்டியது. 1985-இல் எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். எந்தத் தேவைக்காகக் குழந்தை அடிக்கிறதோ, அதே தேவையை நிறைவேற்றும் வேறொரு கேட்கும் வழியைக் கற்றுக்கொடுத்தால் அடிப்பது குறைகிறது என்று காட்டினார்கள். பாடம் கடினமாக இருக்கும்போது உதவி கேட்கப் பழகிய குழந்தைகளுக்கு, மேசையைத் தள்ளிவிடும் தேவை குறைந்துபோனது. என் வேலையில் நான் மிகவும் நம்பிப் பின்பற்றுவது இதைத்தான்.

அந்தப் பையனுக்கு நாங்கள் படஅட்டைகளைக் கொடுத்தோம். படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துப் பொருளைக் கேட்கும் இந்த முறையை 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் உருவாக்கினார்கள். தொடக்கத்தில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் குழந்தைக்கு எதிரே பொருளோடு இருப்பார்; மற்றவர் பின்னால் உட்கார்ந்து, குழந்தையின் கை பொருளை நோக்கி நீளும்போது அந்தக் கையை அட்டையின் பக்கம் திருப்பிவிடுவார். பின்னால் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. எதிரே இருப்பவரும் “என்ன வேணும்?” என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் நாம் கேட்டால்தான் அட்டையைக் கொடுக்க வேண்டும் என்று குழந்தை காத்திருக்கப் பழகிவிடும். நாங்கள் விரும்புவது, அவனாகவே தேடிவந்து கேட்பது.

அட்டையில் உள்ள படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்களில் ரொட்டித் துண்டும், ஓடும் தண்ணீர்க் குழாயும், மேற்கத்தியக் கழிப்பறையும் இருக்கும். நம் பையன் குடிப்பது எவர்சில்வர் டம்ளரில்; அவனுக்குப் பிடித்தது தட்டுவடை செட்; குளிப்பது வாளியும் குவளையும் வைத்து. ஆகவே அவன் வீட்டு டம்ளரையும் அவன் வீட்டு வாளியையும் கைபேசியில் படமெடுத்து, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து லேமினேட் செய்து, தையல் சாமான் விற்கும் கடையில் வெல்க்ரோ வாங்கி ஒட்டினோம். வேறொரு வீட்டு வாளியின் படத்தைத் தன் வாளி என்று பொதுமைப்படுத்துவது சில குழந்தைகளுக்குப் பெரிய வேலை. அதைத் தொடக்கத்திலேயே அவர்கள் தலையில் சுமத்த வேண்டிய அவசியமில்லை.

வேண்டியதைக் கேட்கும் அட்டைகளோடு நின்றுவிடும் வீடுகளும் மையங்களும் நிறைய உண்டு. கேட்கும் குழந்தை எல்லாருக்கும் மகிழ்ச்சி தருகிறது, மறுக்கும் குழந்தை தருவதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். உள்ளங்கையைக் காட்டி நிறுத்தும் படம் போட்ட ஒரு சிவப்பு அட்டையை ‘போதும்’ அட்டை என்று வைத்துக்கொண்டோம். அவனுக்குப் பசை கையில் ஒட்டுவது பிடிக்காது. பசைக் கிண்ணத்தை நான் மெல்ல அவன் பக்கம் நகர்த்தும்போது, அழுகை தொடங்கும் முன்பே, பின்னாலிருந்து அவன் அம்மா அவன் கையை அட்டைக்குக் கொண்டுபோவார். அட்டை என் கைக்கு வந்த அந்தக் கணமே கிண்ணம் பெட்டிக்குள் போய்விடும். தாமதிக்கக் கூடாது, பேரம் பேசக் கூடாது, “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கெஞ்சவும் கூடாது. அவன் கொடுக்கும் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்று அவன் அறியும் வரை இந்த ஒழுங்கு தளர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அம்மாவின் கை உதவி முழங்கைத் தொடுதலாகக் குறையும். அதன் பின் அதுவும் இல்லாமல் போகும்.

“வேண்டாம்னு சொல்லக் கத்துக்கொடுத்தா எல்லாத்துக்கும் வேண்டாம்னுதானுங்களே சொல்லுவான்?” என்று அவன் அப்பா கேட்டார். சரியான கேள்விதான். சொல்வான். அட்டையின் பலன் தெரிந்த முதல் வாரங்களில் சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் செருப்புக்கும் அதே அட்டை நீண்டது. இந்தக் காலகட்டத்தில்தான் பல குடும்பங்கள் அட்டையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகின்றன. மறுக்க முடியும் என்ற நிச்சயம் வந்த பிறகு குழந்தையின் பதற்றம் குறைகிறது. பதற்றம் குறைந்தால், முன்பு மறுத்த பலவற்றைத் தொட்டுப்பார்க்கவும் துணிகிறது. அதன் பிறகுதான் காத்திருக்கப் பழக்குகிறோம்: அட்டையை வாங்கிக்கொண்டு, “சரி, அஞ்சு எண்ணி முடிச்சதும் போதும்” என்று விரல்களை மடக்கிக் காட்டுவது, பின்பு அதைப் பத்தாக நீட்டுவது.

மறுக்க முடியாதவையும் உண்டு. மருந்து, பல் துலக்குவது, சாலையைக் கடக்கும்போது கையைப் பிடிப்பது ஆகியவற்றை அட்டையால் தள்ளிவிட முடியாது. அங்கே போலியான விருப்பத்தைக் கொடுக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். “மருந்து குடிக்கலாமா?” என்று கேட்டுவிட்டு, மறுத்ததும் வாயைப் பிடித்து ஊற்றினால், மறுப்புக்கு மதிப்பில்லை என்ற பாடத்தைத்தான் நாம் நடத்துகிறோம். கேட்காமல் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எந்த டம்ளரில், யார் கையால், குடித்ததும் என்ன என்ற தேர்வுகளை அவனுக்கு விடலாம். தறி விஷயத்திலும் அப்படியே செய்தோம். மின்வெட்டை யாராலும் மறுக்க முடியாது. வேலை முடிந்து தறிகளை நிறுத்தும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த அவன் அப்பா ஒப்புக்கொண்டார். மின்சாரம் போகும் நேரத்துக்காகத் தறிச் சத்தத்தைத் தன் கைபேசியில் பதிந்து வைத்தார். கைபேசியின் படம் போட்ட ஓர் அட்டையும் சுவரில் ஏறியது. தறி நின்றதும் பையன் ஓடிப்போய் அந்த அட்டையை எடுத்து அப்பாவிடம் நீட்டிய நாளில், தறியை விற்கும் பேச்சு அந்த வீட்டில் முடிந்தது.

நாங்கள் வேலை செய்யும் இந்தத் துறையின் பழைய வரலாறு தெரிந்த எவருக்கும் மறுப்பைப் பற்றிய இந்த அக்கறை ஏன் என்று புரியும். ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் அளவுக்குப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் அறிவுத்திறன் சோதனையில் இயல்பான அளவை எட்டி, வழக்கமான முதல் வகுப்பில் தேறினார்கள் என்று காட்டினார். உலகம் முழுவதும் பெற்றோருக்கு நம்பிக்கை தந்த ஆய்வு அது. அதே திட்டத்தில், அடம்பிடித்தால் உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் இருந்தன. அதற்கும் முந்தைய காலத்தில் அவர் மின்னதிர்ச்சியையும் பயன்படுத்தினார். அப்படிப்பட்ட பயிற்சிகளில் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் எழுதுவதை நான் தேடிப் படிக்கிறேன். கண்ணைப் பார்க்கச் சொல்லி முகத்தைத் திருப்பியதும், கைகளை உதறி மனத்தை ஆற்றிக்கொள்வதைத் தடுத்ததும், தங்கள் மறுப்பை எல்லாம் ‘சிக்கலான நடத்தை’ என்று தாளில் குறித்ததும் அவர்களுக்கு எவ்வளவு வலித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் அந்தக் குறைகூறலை எதிரியின் பேச்சாக எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் தொடும் குழந்தைகள் பெரியவர்களானால் என்ன சொல்வார்கள் என்பதை அவர்கள் வழியாகத்தான் இன்றைக்கே கேட்க முடிகிறது. எங்கள் மையத்தில் கைகளை உதறும் குழந்தையை நாங்கள் தடுப்பதில்லை. கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவதும் இல்லை.

இன்னொரு காரணத்தைப் பெற்றோரிடம் பேச எனக்கு முன்பு தயக்கமாக இருந்தது; இப்போது நேராகவே பேசுகிறேன். பெரியவர் எவர் சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டும் என்று பழக்கப்பட்ட, நடந்ததை வந்து சொல்லத் தெரியாத குழந்தை, தவறான எண்ணத்தோடு வரும் பெரியவருக்கும் கீழ்ப்படியும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-இல் வந்துவிட்டது; ஆனால் சட்டம் வருமுன் குழந்தையின் கை அந்த ஆளைத் தள்ளிவிட வேண்டும். உடை மாற்றும்போதும் கழிப்பறைப் பயிற்சியின்போதும் நாங்கள் உடலைத் தொட வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் தொடுவதற்கு முன் சொல்கிறோம், ‘போதும்’ அட்டை வந்தால் கையை எடுத்துவிடுகிறோம். அம்மாவோ அம்மாயியோ பார்க்கும்படி கதவு திறந்திருக்கும்.

முடிவெட்டும் கடை, ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் எந்த வீட்டிலும் பெரிய கதை. இயந்திரத்தின் இரைச்சல், கழுத்தில் துணியின் இறுக்கம், தோளில் விழும் முடியின் அரிப்பு, பின்னால் நிற்கும் முன்பின் தெரியாத ஆள் என்று எல்லாம் ஒரே நாற்காலியில் சேர்ந்து வருகின்றன. அம்மாப்பேட்டையில் ஒரு பையனை அவனுடைய அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டுதான் முடிவெட்டிவந்தார்கள். அவனுக்காகப் பல வாரங்கள் வேலை செய்தோம். கூட்டமில்லாத மதிய நேரத்தில் கடைக்குப் போய் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வந்தான். அடுத்து நாற்காலியில் ஏறி இறங்கினான். அதன் பின் ஓடாத இயந்திரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தான். கடைக்காரர் பொறுமைசாலி, அட்டை நீண்டால் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். முதல் தடவை வெட்டியபோது, வலப்பக்கம் முடிந்து இடப்பக்கம் பாதியில் இருக்கையில் அட்டை வந்தது. கடைக்காரர் நிறுத்திவிட்டார். “இந்தக் கோலத்துல எப்படிங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?” என்று அப்பா என்னைப் பார்த்தார். கூட்டிப் போனார். தெருவில் இரண்டு பேர் கேட்டதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அடுத்த நாள் மாலை பையனை மறுபடி கடைக்கு அழைத்துப் போனபோது, நாற்காலியில் தானாக ஏறி உட்கார்ந்தான். இதைத்தான் பெற்றோர் நம்பத் தயங்குகிறார்கள்: நிறுத்த முடியும் என்று தெரிந்த இடத்துக்குக் குழந்தை திரும்பிப் போகும். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் மேளமும் ஒலிபெருக்கியும் சேர்ந்து நகரமே அதிரும்போது வீட்டிலேயே அடைந்து கிடந்த சில குழந்தைகள், காதை மூடும் கவசத்தோடும் அந்தச் சிவப்பு அட்டையோடும் கொஞ்ச நேரமாவது பூச்சாட்டு விழாவைப் பார்த்துத் திரும்பியதற்கும் இதே காரணம்தான்.

வீட்டில் எந்த மொழி பேசுவது என்று எங்களிடம் கேட்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் வீட்டு மொழியாக உள்ள நெசவுக் குடும்பங்கள் பல. ஒரே மொழியில், அதுவும் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று யாரோ சொல்லிவிட, பாட்டியும் பேரனும் பேசிக்கொள்ள முடியாமல் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மொழி கேட்டு வளர்வது ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. அட்டையை வாங்குபவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பதைவிட, வாங்கியதும் நிறுத்துகிறாரா என்பதுதான் குழந்தைக்கு முக்கியம்.

ஏற்காட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்குப் பயிற்சி கிடைப்பதே பெரும்பாடு. காபித் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாய், அன்றைய கூலியை விட்டுவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுக்கும் மகளைத் தாங்கிக்கொண்டு இறங்கிவருவார். வந்ததும் அந்தக் குழந்தையைப் பாயில் உட்காரச் சொன்னால் அவள் படுத்துவிடுவாள். அதுவும் ஒரு மறுப்பு. அதைத் தாளில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுத எனக்கு மனம் வராது. மேற்பார்வையாளரிடம் பேசி, அவர்கள் கீழே வருவதைக் குறைத்தோம். தாய் வீட்டில் எடுத்து அனுப்பும் காணொளிகளைப் பார்த்து, அடுத்து எதைச் செய்வது என்று கைபேசியிலேயே சொல்கிறோம். குழந்தை பழகும் ஆட்கள் அம்மாவும் பக்கத்து வீட்டுச் சித்தியும் என்பதால், கற்றது வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எங்கள் சம்பளம் குறைவு என்பதால் பயிற்சியாளர்கள் அடிக்கடி வேலையை விட்டுப் போகிறார்கள். ஒவ்வொரு முறையும் புது ஆளிடம் தன் மறுப்பு செல்லுமா என்று குழந்தை மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தறிக்காரர் வீட்டுப் பையன் இப்போது வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியில் முதல் வகுப்பு படிக்கிறான். நாற்பது கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின்படி மதிப்பிட்டுச் சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஆட்டிசத்தை வரையறுத்த குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உண்டு என்று சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமையும் தருகிறது. சேர்க்கையில் சிக்கல் வரவில்லை. அட்டையில்தான் வந்தது. வகுப்பு ஆசிரியை அவன் மேல் பிரியமாக இருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்கிறார். ஆனால் “ஒருத்தன் போதும்னு எழுந்து போனா நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் எழுந்து போவாங்களே மிஸ்” என்கிறார். அவருடைய வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று பார்த்தவள் என்பதால் அந்தப் பயத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை.

இரண்டு சந்திப்புகளுக்குப் பிறகு சிலவற்றில் உடன்பட்டிருக்கிறோம். அட்டையைக் கொடுத்தால் அவன் கடைசி ஜன்னல் அருகே போய் நிற்கலாம், வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது. எழுத்து வேலையின்போது அட்டை செல்லும். வருகைப் பதிவின்போது செல்லாது, அதை அவனுக்கு முன்பே படம் போட்டுக் காட்டிவிட வேண்டும். மதிய உணவு வரிசையின் இரைச்சல் இன்னும் தீராமல் இருக்கிறது. சத்துணவு சமைக்கும் அக்கா, அவனை வரிசைக்கு முன்பே கூப்பிட்டுத் தட்டில் போட்டுவிடத் தயாராக இருக்கிறார். தலைமை ஆசிரியர் எழுத்தில் கேட்கிறார். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மேற்பார்வையாளரின் கையெழுத்தோடு அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூடவே, வகுப்பில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு ‘போதும்’ அட்டையைச் சுவரில் மாட்டிப் பார்க்கலாமா என்று ஆசிரியையிடம் கேட்கவும் எண்ணியிருக்கிறேன்.